குழாய் கசிவுச் சோதனை: பிளம்பரும் இன்ஸ்பெக்டரும் முட்டிக்கொள்ளும் கேள்விகள்

கட்டடத்தில் குழாய் வேலை முடிந்து, சுவரும் தரையும் மூடப்படுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட் நடக்கும். பிளம்பர் 'சரியா இருக்கு' என்பார், இன்ஸ்பெக்டர் 'இல்லை' என்பார், வீட்டுக்காரர் நடுவில் நின்று முழிப்பார். இந்த மூவரும் மாறி மாறிக் கேட்கும் சந்தேகங்கள்தான் கீழே இருப்பவை. கோடு என்று இங்கே சொல்வது, அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் இன்டர்நேஷனல் பிளம்பிங் கோடு என்ற விதித்தொகுப்பை. மற்ற நாட்டு வழக்கம் வரும் இடத்தில் நாட்டின் பெயர் இருக்கும். உங்கள் பகுதிக்கு வேறு விதி இருந்தால் அதுதான் செல்லும்.

தண்ணிய திறந்துவிட்டு ஒழுகுதான்னு பார்த்தா போதாதா? எதுக்கு தனியா பிரஷர் டெஸ்ட்?

பெரிய ஒழுகல் என்றால் கண்ணிலேயே தெரிந்துவிடும். மணிக்கு நாலு சொட்டு விழும் கசிவு, அதுவும் பைப் இன்சுலேஷனுக்குள் இருந்தால், பார்வைக்குச் சிக்காது. குழாயின் எல்லா முனைகளையும் அடைத்து, உள்ளே அழுத்தம் ஏற்றி, பம்பைக் கழற்றிவிட்டு கேஜை (அழுத்தம் காட்டும் மீட்டரை) கவனித்தால்தான் அது வெளியே வரும்.

கேஜ் ஒரு உதவிதான். ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்ப்பதும், காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்ப்பதும் சோதனையில் சேர்ந்தவையே. அதனால்தான் இணைப்புகள் மூடப்படாமல் வெளியே தெரிய வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் பிடிவாதம் பிடிக்கிறார்.

எவ்வளவு பிரஷர், எவ்வளவு நேரம்? ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்களே?

ஆளுக்கு ஒரு விதியை மனதில் வைத்துப் பேசுவதால் வரும் குழப்பம் இது. கோடு சொல்வது: தண்ணீர் வரும் குழாயை அது வேலை செய்யப்போகும் அழுத்தத்துக்குக் குறையாமல் தண்ணீரால் சோதிக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லாத குழாய் என்றால் 50 பிஎஸ்ஐக்கு (பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தில் ஒரு பவுண்டு அழுத்தம்) குறையாத காற்றாலும் சோதிக்கலாம். இரண்டுக்கும் 15 நிமிடம். வடிகால் குழாய்க்கு 10 அடி உயரத் தண்ணீர், அல்லது பிளாஸ்டிக் அல்லாத குழாய் என்றால் 5 பிஎஸ்ஐ காற்று; அதற்கும் 15 நிமிடம்.

பிரிட்டனின் 1999ஆம் ஆண்டு விதிகளில் அளவு வேறு. குழாய் தாங்க வேண்டிய அதிகபட்ச அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். உலோகக் குழாய் என்றால் 1 மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும். 'ஒன்றரை மடங்கு' என்று ஒருவரும் 'வேலை அழுத்தம் போதும்' என்று இன்னொருவரும் சண்டை போடும்போது, பெரும்பாலும் இருவருமே சரி. படித்த புத்தகம்தான் வேறு. எந்த விதி, எந்தப் பதிப்பு என்பதை வேலை ஆரம்பிக்கும்போதே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காத்துல டெஸ்ட் பண்ணினா வேலை சுளுவா முடியுது. இன்ஸ்பெக்டர் ஏன் தண்ணிதான் வேணும்ங்கிறார்?

பிவிசி, சிபிவிசி போன்ற கெட்டி பிளாஸ்டிக் குழாய் என்றால் இந்த விஷயத்தில் இன்ஸ்பெக்டர் பக்கம்தான் நியாயம். தண்ணீர் சுருங்காது என்றே சொல்லலாம். 1 பார் (சுமார் 14.5 பிஎஸ்ஐ) ஏற்றினால் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான் சுருங்கும். இணைப்பு விட்டுப்போனால் 'புஸ்' என்று கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அழுத்தம் உடனே பூஜ்ஜியமாகிவிடும். காற்று அப்படி அடங்காது. 20 லிட்டர் கொள்ளும் குழாயில் 50 பிஎஸ்ஐ ஏற்றினால் ஏறக்குறைய 70 லிட்டர் காற்றைக் கூடுதலாகத் திணித்திருக்கிறீர்கள். குழாய் உடைந்தால் அத்தனையும் ஒரே நொடியில் விரியும். பிவிசி கூர்மையான சில்லுகளாகத் தெறிக்கக்கூடிய பொருள். பல குழாய் கம்பெனிகள் தங்கள் கையேட்டிலேயே காற்றுச் சோதனை கூடாது என்று எழுதியிருப்பது இதனால்தான்.

காற்றுக்கும் இடம் உண்டு. உறைபனி விழும் காலத்தில் குழாயில் தண்ணீரை விட்டுவைக்க முடியாது. கட்டடம் திறக்க மாதக்கணக்கில் ஆகும் என்றால் உள்ளே தேங்கும் தண்ணீரில் கிருமி வளரும். ஜெர்மனியில் எண்ணெய் கலக்காத காற்றால் முதலில் 150 மில்லிபாரில் கசிவு பார்த்து (100 லிட்டர் வரை 120 நிமிடம்), பிறகு 50 மி.மீ வரையான குழாய்க்கு 3 பார் மட்டும் ஏற்றிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. கசிவை மிகக் குறைந்த அழுத்தத்திலேயே தேடி முடித்துவிடுவதுதான் இதில் உள்ள சூட்சுமம். பெக்ஸ் (வளையும் ஒரு வகை பிளாஸ்டிக்) குழாய் செய்யும் கம்பெனி எழுத்தில் அனுமதித்திருந்தால் கோடின் புதிய பதிப்புகளும் அதற்குக் காற்றை ஏற்கின்றன. அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், வாய்ப்பேச்சு செல்லாது.

காத்துல போட்டோம். அரை மணி நேரத்துல முள் 2 பிஎஸ்ஐ இறங்கிடுச்சு. சோப்பு நுரை அடிச்சும் எங்கயும் குமிழ் வரல. இது பெயிலா?

முதலில் வெயிலைப் பாருங்கள். மூடிய குழாயில் காற்றின் அழுத்தம் வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். 50 பிஎஸ்ஐயில் நிற்கும் குழாய் 35 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் கசிவே இல்லாமல் 2 பிஎஸ்ஐக்குச் சற்று மேல் இறங்கும். வடிகாலின் 5 பிஎஸ்ஐ சோதனையில் அதே 10 டிகிரிக்கு 0.6 பிஎஸ்ஐ போகும். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றே சூடாகத்தான் வரும், அது குழாய்க்குள் ஆறும்போதும் முள் இறங்கும்.

வடிகாலின் காற்றுச் சோதனைக்குக் கோடே இதற்கு வழி சொல்லியிருக்கிறது: தட்பவெப்பத்தாலும் கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காருவதாலும் வரும் மாற்றத்தை, சோதனை நேரம் தொடங்குவதற்கு முன்பே சரிசெய்துகொள்ளலாம். தொடங்கிய பிறகு பம்பால் ஒரு தடவைகூடக் காற்று ஏற்றக் கூடாது. அதனால் அழுத்தம் ஏற்றி 30 நிமிடம் அப்படியே விடுங்கள், குறைந்ததை நிரப்புங்கள், பிறகு இன்ஸ்பெக்டர் முன்னிலையில் மணி பார்த்துத் தொடங்குங்கள். குழாயின் மேல் ஒரு தெர்மாமீட்டரை டேப் போட்டு ஒட்டி, இரண்டு எண்களையும் சேர்த்து எழுதினால் பாதித் தகராறு அங்கேயே அடங்கிவிடும். வெப்பம் மாறாமலே முள் இறங்கினால் கசிவுதான். லைனை வால்வு போட்டு இரண்டாகப் பிரித்து, இறங்கும் பாதியை மறுபடி பிரித்துத் தேடுங்கள்.

நுரைக்குப் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலக்காதீர்கள். சில சோப்புகள் சிபிவிசியில் விரிசல் விழச் செய்யும், அமோனியா கலந்தவை பித்தளையைக் கெடுக்கும். அந்தக் குழாய்க்கு ஒத்துப்போகும் கசிவு காட்டும் திரவத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்க தண்ணியிலதான் போட்டோம், பிபிஆர் குழாய். அதுவும் இறங்குதே?

இறங்கத்தான் செய்யும். பிபிஆர், பெக்ஸ், எச்டிபிஇ எல்லாம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல விரியும் பிளாஸ்டிக் குழாய்கள். உள்ளே இடம் கூடினால் அழுத்தம் குறையும். உலோகக் குழாய்க்கான 'ஒரு கோடுகூட இறங்கக் கூடாது' என்ற அளவுகோலை இங்கே வைப்பது தவறு. பிரிட்டனின் விதிகள் இதற்கென்றே இரண்டு முறைகளை வைத்திருக்கின்றன. முதல் முறையில், ஒன்றரை மடங்கு அழுத்தத்தை 30 நிமிடம் பம்ப் அடித்து நிறுத்திவைத்து, பிறகு தண்ணீரைத் திறந்து மூன்றில் ஒரு பங்காக இறக்கி, அடுத்த 90 நிமிடம் அது குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டாவது முறையில் இறக்குவதில்லை. அந்த 30 நிமிடத்துக்குப் பின் வரும் 30 நிமிடத்தில் 0.6 பாருக்குள்ளும், பம்பை நிறுத்தியதிலிருந்து மொத்தம் 150 நிமிடத்தில் 0.8 பாருக்குள்ளும் இறக்கம் நிற்க வேண்டும்.

முதல் முறை எனக்குப் பிடித்தது. அழுத்தத்தை இறக்கியதும் குழாய் சுருங்கப் பார்க்கும். கசிவு இல்லையென்றால் முள் நிற்கும், சில சமயம் கொஞ்சம் ஏறவும் செய்யும். அப்போதும் இறங்கினால் சாக்கு சொல்ல எதுவும் மிச்சமிருக்காது.

முள் அசையவே இல்ல. அப்போ பாஸ்தானே? அப்புறமும் இன்ஸ்பெக்டர் சுத்திச் சுத்தி வர்றார்.

வரட்டும். முள் அசையாமல் இருப்பதற்குக் கசிவின்மை ஒரு காரணம் மட்டுமே. நடுவில் ஒரு பால் (பந்து) வால்வு மூடியிருந்தால், அல்லது தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் செக் வால்வு ஒன்று இருந்தால், கேஜ் ஒரு பகுதியின் கதையை மட்டும்தான் சொல்லும். கேஜின் முள்ளே சிக்கியிருக்கலாம். விரலால் தட்டிப் பார்ப்பதும், சோதனை முடிந்து திறந்துவிடும்போது பூஜ்ஜியத்துக்கு வருகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

இதில் பெரிய ஏமாற்றுக்காரன், தண்ணீர்ச் சோதனையில் உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்று. உள்விட்டம் 20 மி.மீ உள்ள குழாய் 64 மீட்டர் ஓடினால் சுமார் 20 லிட்டர் பிடிக்கும். முழுக்கத் தண்ணீராக இருந்தால், குழாய் விரிவதை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், வெறும் 9 மில்லி வெளியேறினாலே 10 பார் பூஜ்ஜியமாகிவிடும். அதே லைனில் 10 பாரில் அமுங்கிய 1 லிட்டர் காற்று எங்கோ மேட்டில் நின்றுவிட்டால், அதே 9 மில்லி கசிந்தாலும் முள் 0.1 பார்தான் இறங்கும். சாதாரண கேஜில் அது கண்ணுக்கே தெரியாது. கைப்பம்பை அடிக்க அடிக்க முள் சோம்பேறித்தனமாக ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. சரியாக நிரம்பிய உலோக லைனில் சில அடியிலேயே முள் துள்ளும். கீழிருந்து மெதுவாக நிரப்பி, மேல் முனைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, துப்பாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகு மூட வேண்டும்.

கேஜ் சரியில்லன்னு டெஸ்ட்டையே ரத்து பண்ணிட்டார். புது கேஜுங்க, 300 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டும்!

அந்த 300தான் சிக்கலே. சாதாரண கேஜில் முழு அளவில் 2 முதல் 3 சதவீதம் பிழை சகஜம். 300க்கு அது 6 முதல் 9 பிஎஸ்ஐ. 5 பிஎஸ்ஐ காற்றுச் சோதனைக்கு அதை மாட்டினால், சோதனை அழுத்தத்தைவிடப் பிழை பெரிது. கோடின்படி 10 பிஎஸ்ஐ வரையான சோதனைக்கு 0.1 பிஎஸ்ஐ கோடுகள் உள்ள கேஜ் வேண்டும். 10க்கு மேல் 100 வரை 1 பிஎஸ்ஐ கோடுகள். 100க்கு மேல் 2 பிஎஸ்ஐ. வடிகாலுக்கு 0–15, தண்ணீர் லைனுக்கு 0–100 என்று இரண்டு தனித்தனியாக வைத்திருப்பது பெரிய செலவில்லை. கேஜை எந்த உயரத்தில் மாட்டினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள், 10 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 1 பார் மாறும்.

வடிகால் ஸ்டாக்க மாடி மாடியா பிரிச்சு டெஸ்ட் பண்ணினோம். 'மேல 10 அடி டெஸ்ட் ஆகல'ன்னு சொல்றார். நிரப்பித்தானே காட்டினோம்?

ஸ்டாக் என்றால் மாடிகளை இணைத்துச் செங்குத்தாக இறங்கும் வடிகால் குழாய். நிரப்பினீர்கள், ஆனால் அந்தப் பகுதியின் மேல்முனையில் உள்ள இணைப்புக்கு மேல் தண்ணீர் இல்லையே. 10 அடி உயரத் தண்ணீர் என்றால் ஒவ்வொரு இணைப்பின் மேலும் குறைந்தது 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர் நிற்க வேண்டும், அதுதான் 4.3 பிஎஸ்ஐ. விலக்கு கட்டடத்தின் ஆக உச்சியில் உள்ள 10 அடிக்கு மட்டும். எனவே அடுத்த பகுதியைச் சோதிக்கும்போது கீழ்ப்பகுதியின் மேல் 10 அடியையும் சேர்த்து நிரப்ப வேண்டும். டெஸ்ட் டீயை (உள்ளே அடைப்பு வைக்க வாய் உள்ள டி வடிவ இணைப்பை) மாடிக்கு ஒன்று வைத்து, இரண்டு மாடியை ஒன்றாக நிரப்பி, ஒரு மாடி ஏறி மறுபடி இரண்டை நிரப்பினால் வேலை தடையில்லாமல் போகும்.

'அப்படியானால் மொத்த ஸ்டாக்கையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுகிறோம்' என்று கிளம்பாதீர்கள். 100 மி.மீ குழாயில் 3 மீட்டர் தண்ணீர் அடைப்பை 23 கிலோ எடையோடு தள்ளும். 30 மீட்டர் என்றால் 230 கிலோவுக்கு மேல். காற்றடைத்த அந்த அடைப்பு (பிளக்) பிய்த்துக்கொண்டு வந்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது கஷ்டம். பிளக்கில் அச்சடித்திருக்கும் தாங்கும் அளவைப் பாருங்கள், தண்ணீர் முழுக்க வடிந்த பின் பக்கவாட்டில் நின்று காற்றை இறக்குங்கள்.

ஸ்டாக் டெஸ்ட்டுக்கும் கேஜ் கேட்கிறார். மேல தண்ணி மட்டம் தெரியுதே, அது போதாதா?

போதும், கேஜைவிடத் தண்ணீர் மட்டமே கூர்மையான அளவு. 100 மி.மீ குழாயில் மட்டம் 1 செ.மீ இறங்கினால் 78 மில்லி போயிருக்கிறது; அதே 1 செ.மீ கேஜில் 0.014 பிஎஸ்ஐ, யார் கண்ணுக்கும் படாது. விளிம்பு வரை நிரப்பி ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். கிளைக் குழாய்களில் மாட்டிய காற்று மேலே வரும்போதும் மட்டம் இறங்கும் என்பதால், நிரப்பிக் கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி நிரப்பிய பிறகே நேரத்தைத் தொடங்க வேண்டும்.

பிளக்குலதான் லேசா கசியுது, குழாய்ல இல்ல. விட்டுடலாமே?

இல்லை. பிளக் கசியும்போது குழாயும் கசிகிறதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். மூடிய வால்வை எல்லையாக வைத்துச் சோதிப்பவர்களுக்கும் இதே பதில். வால்வின் உள்கசிவு குழாய்க் கசிவாக வேஷம் போடும். குழாய் முனையை மூடும் எண்ட் கேப் போடுவதே உத்தமம்.

கூட பிரஷர் போட்டா நல்லதுதானே? தாங்கினா இன்னும் நம்பிக்கை வரும்ல?

எப்போதும் அப்படியில்லை. பிரஸ் ஃபிட்டிங் (கருவியால் அழுத்திப் பொருத்தும் இணைப்பு) போட்ட லைனில் கருவியால் அழுத்த மறந்த ஒரு இணைப்பு, உயர் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) நெருக்கிப் பிடித்துக்கொண்டு கசியாமல் நடிக்கலாம். அழுத்தாத இணைப்பு வேண்டுமென்றே கசியும்படி செய்யப்பட்ட ஃபிட்டிங்குகளுக்குக் கம்பெனியே ஒரு குறைந்த அழுத்த வரம்பைச் சொல்லியிருக்கும். முதலில் அதில் தேடிவிட்டு, பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். இன்ஸ்பெக்டர் நேராக உயர் அழுத்தம் கேட்டால் இரண்டையும் வரிசையாகச் செய்துகாட்டுவதாகச் சொல்லுங்கள்.

ஹீட்டர், பிரஷர் குறைக்கும் வால்வு, ஃபிளஷ் டேங்க் வால்வு போன்றவற்றை மாட்டிய பிறகு ஒன்றரை மடங்கு ஏற்றினால் அவைதான் முதலில் போகும். ஹீட்டரின் ரிலீஃப் வால்வு பெரும்பாலும் 150 பிஎஸ்ஐயில் திறந்துகொள்ளும். அதைத் திருகி அடைத்துவிட்டுச் சோதிப்பது மகா ஆபத்து, ஹீட்டரைப் பிரித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒட்டி ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஆறிடுச்சுன்னு நான் சொல்றேன், நாளைக்கு வாங்கறார் அவர்.

பிளாஸ்டிக் குழாயை ஒட்டும் பசையான சால்வெண்ட் சிமெண்ட் டின்னில் அல்லது கையேட்டில் ஒரு அட்டவணை இருக்கும். குழாயின் விட்டம், அன்றைய வெப்பம், சோதனை அழுத்தம் மூன்றையும் வைத்து நேரம் சொல்லும். குளிரும் ஈரமும் இருந்தால் நேரம் பல மடங்கு நீளும். அட்டவணை சொல்வதுதான் தீர்ப்பு, உங்கள் கணிப்பும் இல்லை, அவருடையதும் இல்லை. ஒட்டிய நேரத்தைக் கடைசி இணைப்பின் பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைப்பவரிடம் யாரும் வாதாடுவதில்லை.

இன்ஸ்பெக்டர் வரல. டெஸ்ட் பண்ணி போட்டோ எடுத்துட்டு சுவர மூடிட்டேன். இப்போ இடிக்கச் சொல்றார். நியாயமா?

நியாயமோ இல்லையோ, அந்த அதிகாரம் அவருக்குக் கோடில் இருக்கிறது. பார்வையிடும் முன் மூடிய வேலையைத் திறந்துகாட்டச் சொல்லலாம். முன்கூட்டியே தகவல் கொடுப்பதும், சோதனைக் கருவியும் ஆளும் ஏற்பாடு செய்வதும் பெர்மிட் வாங்கியவர் பொறுப்பு. தகவல் எழுத்தில் கொடுத்த ஆதாரம் இருந்தால் மேலதிகாரியிடம் பேச வழியுண்டு. போட்டோவில் கேஜ் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. கேஜ், அது மாட்டிய இடம், நேரம் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும், தொடக்கத்திலும் முடிவிலும்.

குழாய் கம்பெனி ஒண்ணு சொல்லுது, கோடு ஒண்ணு சொல்லுது. எது செல்லும்?

கம்பெனி 'கூடாது' என்று சொல்வதை மீறினால் வாரண்டி போகும், விபத்து நடந்தால் சொல்ல வார்த்தை இருக்காது. கோடு கேட்கும் குறைந்தபட்சத்தைக் குறைத்தால் இன்ஸ்பெக்டர் கையெழுத்து போட மாட்டார். பெரும்பாலும் இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் வழி ஒன்று இருக்கும். உதாரணமாக, கோடு காற்றையும் தண்ணீரையும் அனுமதிக்கும் இடத்தில் குழாய் கம்பெனி காற்றைத் தடுக்கலாம். தண்ணீரால் செய்தால் இருவருக்கும் சம்மதம். அப்படி வழியில்லாத இடத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் மேல்முறையீட்டுக் குழுவை நாடலாம், கோடிலேயே அதற்கு இடமிருக்கிறது.

டெஸ்ட்ல பாஸ் ஆச்சு. மூணு மாசத்துல சுவர்ல ஈரம். அப்போ டெஸ்ட்டே பொய்யா?

சோதனை அன்றைய நிலையை மட்டும் சொல்லும். செம்புக் குழாயில் சரியாக சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்) ஓடாத இணைப்பை, பற்றவைக்கத் தடவிய ஃபிளக்ஸ் பசை அடைத்துக்கொண்டிருக்கும். சுடுதண்ணீர் ஓட ஆரம்பித்த பின் அது கரைந்து கசியும். அதனால் சூடான லைனை நன்றாக அலசிவிட்ட பிறகு இன்னொரு முறை பார்ப்பது நல்லது. குளிர் சோதனையில் தாங்கிய திரெட் இணைப்பு சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது தளரலாம்.

இன்னொரு பெரிய காரணம், சுவர் மூடும்போது இறங்கும் ஆணியும் ஸ்க்ரூவும். அதைப் பிடிக்க ஒரே வழி, சோதனை முடிந்ததும் தண்ணீரை இறக்காமல் வேலை அழுத்தத்தில் விட்டு, கேஜ் வெளியே தெரியும்படி வைத்துச் சுவரை மூடுவது. பலகை அடிப்பவரிடம் கேஜைக் காட்டி, முள் விழுந்தால் அடித்த கடைசி ஸ்க்ரூவைக் கழற்றாமல் அப்படியே விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். ஓட்டை எங்கே என்று அந்த ஸ்க்ரூவே காட்டிவிடும். பிளாஸ்டிக் லைனில் இதைக் காற்றை வைத்துச் செய்யக் கூடாது, காரணம் மேலே காற்றுச் சோதனை பற்றிய பதிலில் இருக்கிறது.